யானைகளும் முகவரிப் புத்தகமும்

அகதா கிறிஸ்டியை விரும்பிப் படிப்பவர்களிடம் அவருடைய மிக மோசமான நாவல் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 1973ல் வந்த 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்'. அதற்கு முந்தைய வருடம் வந்த 'எலிஃபென்ட்ஸ் கேன் ரிமெம்பர்' நாவலையும் பலர் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டையும் வேலையில் இருந்த நாட்களில் ஒருமுறை படித்தேன். எழுபதைத் தாண்டிய பிறகு போன மாதம் மறுபடி படித்தேன். நாவல்கள் தேறிவிடவில்லை. ஆனால் இந்த முறை ஏமாற்றம் வேறு மாதிரி இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

முதலில் 'போஸ்டர்ன்'. டாமி, டப்பென்ஸ் என்ற ஜோடியை கிறிஸ்டி 1922லேயே அறிமுகப்படுத்திவிட்டார். அப்போது அவர்கள் முதல் உலகப் போர் முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்த இளசுகள். புவாரோவுக்கு வயதே ஏறாது. இவர்களுக்கு மட்டும் வருடத்தோடு சேர்ந்து வயதும் ஏறும். கடைசி நாவலில் இருவரும் ஓய்வு பெற்றவர்கள், ஒரு சிற்றூரில் வீடு வாங்கிக்கொண்டு குடியேறுகிறார்கள். பழைய சொந்தக்காரர்கள் விட்டுப்போன புத்தகங்களில் ஸ்டீவன்சன் நாவல் ஒன்று. அதில் சில எழுத்துக்களுக்குக் கீழே யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். சேர்த்துப் படித்தால் மேரி ஜோர்டன் என்ற பெண்ணின் சாவு இயற்கையானதில்லை என்று வருகிறது.

இதைவிட நல்ல ஆரம்பம் யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அதற்குப் பிறகு கதை நகரவே இல்லை. கேட்டதையே கேட்கிறார்கள், சொன்னதையே சொல்கிறார்கள். நாய் வருகிறது, போகிறது. தோட்டக்காரர் பேசிக்கொண்டே இருக்கிறார். கிறிஸ்டி பின்னாட்களில் டிக்டாஃபோனில் சொல்லிப் பதிவு செய்து நாவல் எழுதும் பழக்கம் உள்ளவர். அந்த வளவளப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

'எலிஃபென்ட்ஸ்' கதையின் கரு இன்னும் நல்லது. பல வருடங்களுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் மலைமுகட்டில் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துக் கிடந்தார்கள். யார் யாரைச் சுட்டது? இதைத் துருவ வேண்டிய பொறுப்பு துப்பறியும் கதை எழுத்தாளர் அரியாட்னி ஆலிவருக்கு வருகிறது. (கிறிஸ்டி தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ள உண்டாக்கிய பாத்திரம் இவர்.) செத்தவர்களின் மகள் திருமதி ஆலிவரின் ஞானமகள். ஞானக்குழந்தைகள் ஏகப்பட்ட பேர் இருப்பதால் எந்தப் பெண் என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய முகவரிப் புத்தகங்களைத் தேடிக் களேபரம் செய்கிறார். பிறகு வயதானவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார். அவர்கள்தான் அந்த 'யானைகள்'. ஒவ்வொரு யானையும் ஒன்றைச் சொல்கிறது, பாதி தப்பாகச் சொல்கிறது. சம்பவம் நடந்து எத்தனை வருடம் என்பதே நாவலுக்குள் இடத்துக்கு இடம் மாறுகிறது. யாருக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டால் இடிக்கிறது.

முதல் தடவை படித்தபோது, பிழை திருத்த ஆளே இல்லையா என்று எரிச்சல் வந்தது. இப்போது அந்த முகவரிப் புத்தகக் காட்சியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எழுதும்போது கிறிஸ்டிக்கு வயது 81. தனக்கு நடந்துகொண்டிருந்ததையே அவர் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது எனக்கு மட்டும் தோன்றிய சந்தேகம் இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் லங்காஷயர், கிரேம் ஹர்ஸ்ட் என்ற இருவர் கிறிஸ்டியின் நாவல்களைக் கணினியில் போட்டு வார்த்தைகளை எண்ணி 2009ல் முடிவைச் சொன்னார்கள். கடைசிக் கால நாவல்களில் அவர் பயன்படுத்திய வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. 63 வயதில் எழுதியதோடு ஒப்பிட்டால் 'எலிஃபென்ட்ஸ்' நாவலில் சுமார் 30 சதவீதம் குறைவு. சொன்ன சொற்றொடரே திரும்பத் திரும்ப வருவது அதிகமாகியிருந்தது. 'ஏதோ ஒன்று', 'எதையாவது', 'அந்த விஷயம்' என்று பொத்தாம்பொதுவாகச் சுட்டும் சொற்களும் கூடியிருந்தன. அல்ஸைமராக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது எந்த மருத்துவரும் அப்படிச் சொன்னதாகப் பதிவு இல்லை.

அந்தப் பொத்தாம்பொதுச் சொற்கள் நம் வீடுகளிலும் உண்டு. "அந்த இதை எடு", "அவர்தான், அந்த இவர், நேத்து வந்தாரே". எங்கள் வீட்டில் என் மனைவியும் நானும் ஒரு நாளைக்குப் பாதிப் பேச்சை 'இது'விலேயே நடத்திவிடுகிறோம். இரண்டு பேருக்கும் புரிந்தும் விடுகிறது.

பெயர்தான் முதலில் நழுவும். அதற்குக் காரணம் உண்டு. 1987ல் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். அறிமுகமில்லாத முகங்களைக் காட்டி, சிலருக்கு 'பேக்கர்' என்பதைக் குடும்பப் பெயர் என்றார்கள், சிலருக்கு ரொட்டி சுடும் தொழில் என்றார்கள். சொல் ஒன்றுதான். தொழிலாகச் சொன்னபோது நினைவில் நின்ற அளவுக்குப் பெயராகச் சொன்னபோது நிற்கவில்லை. ரொட்டிக்காரர் என்றால் அடுப்பும் மாவும் வாசனையும் கூடவே வரும். பெயர் வெறும் சீட்டு, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. நம் ஊர்க்காரர்கள் இதை ஆராய்ச்சி இல்லாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். கோடிவீட்டு மாமா, தபாலாபீஸ் தாத்தா, சைக்கிள் கடை பாய். இவர்களில் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது, ஒருவரையும் மறக்கவும் இல்லை.

மிஸ் மார்ப்பிளின் முறையும் ஏறக்குறைய இதுதான். புதிதாக ஒருவரைப் பார்த்தால் தன் கிராமத்தில் இருந்த யாரோ ஒருவரின் சாயல் அவருக்கு நினைவு வரும். அதைப் பிடித்துக்கொண்டே கொலைகாரனிடம் போய்ச் சேர்ந்துவிடுவார்.

தமிழில் ஒரு வசதி, சில சமயம் அதுவே ஆபத்து. பெயரே சொல்லாமல் 'சார்', 'அண்ணே', 'மாமி' என்று வருடக்கணக்கில் ஓட்டிவிடலாம். என்னோடு முப்பது வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர், எல்லாரையும் பட்டப்பெயர் வைத்து அழைப்பவர், திடீரென்று என்னை "வாங்க சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார். மரியாதை கூடிவிட்டது என்று சிரித்தோம். அவர் வீட்டில் விஷயம் தெரியவர இரண்டு வருடம் ஆனது. பெயரை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டிய ஊராக இருந்திருந்தால் முன்னாலேயே தெரிந்திருக்குமோ என்னவோ.

கிறிஸ்டியின் வாழ்க்கையில் பெயர் மறந்த கதை இன்னொன்றும் உண்டு. 1926 டிசம்பர் 3ம் தேதி இரவு வீட்டைவிட்டுக் காரில் கிளம்பியவர் காணாமல் போனார். நாடே தேடியது. 11 நாள் கழித்து ஹாரோகேட் நகரில் ஒரு ஓட்டலில் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த திருமதி நீல் என்று பதிவு செய்திருந்தார். நீல் என்பது அவருடைய கணவர் மணக்க விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர்! நினைவிழப்பு என்று கணவர் தரப்பில் சொன்னார்கள். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நாடகம் என்றார்கள். தன் சுயசரிதையில் கிறிஸ்டி இந்த 11 நாட்களைப் பற்றி மூச்சே விடவில்லை. தன் பெயர் மறந்து இந்தப் பெயர் மட்டும் நினைவில் நின்றது என்றால், அந்த வருடம் அவர் பட்ட வேதனை எவ்வளவு என்று எனக்குப் புரிகிறது. நாடகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'போஸ்டர்ன்' நாவலுக்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை. ஆனால் 1975ல் 'கர்ட்டன்' வந்தது, புவாரோ இறந்துபோகும் கதை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. 1976 ஜனவரியில் கிறிஸ்டி காலமானார். அதே ஆண்டு மார்ப்பிளின் 'ஸ்லீப்பிங் மர்டர்' வந்தது. இரண்டிலும் பழைய கூர்மை அப்படியே இருந்தது. காரணம், இரண்டும் இரண்டாம் உலகப் போரின்போது எழுதப்பட்டவை. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். தான் செத்துப்போனால் குடும்பத்துக்கு ஏதாவது வேண்டுமே என்று ஒன்றை மகள் பெயருக்கும் மற்றொன்றைக் கணவர் மாக்ஸ் மலோவன் பெயருக்கும் எழுதிவைத்துப் பூட்டிவிட்டார். குண்டுக்கு அஞ்சி வைத்த சேமிப்பு, முப்பது வருடம் கழித்து வேறொன்றுக்குப் பயன்பட்டது.

'கர்ட்டன்' படிக்க நினைப்பவர்கள், அவருடைய முதல் நாவலான 'ஸ்டைல்ஸ்' கதையை முன்னால் படித்துவிடுங்கள். அதே வீட்டில்தான் இதுவும் நடக்கிறது. 'எலிஃபென்ட்ஸ்' கையில் எடுத்தால் கொலைகாரன் யார் என்று கவலைப்படாமல், முகவரிப் புத்தகம் வரும் இடத்தை நிதானமாகப் படியுங்கள்.