மூன்று மீற்றர்களும் ஒரு காதும்

ஒஸ்லோவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் பாதி நாள் கராஜ்தான் கதி. ஒக்டோபரில் உள்ளே போனால் ஏப்ரலில்தான் வெளியே வரும். இடையில் உள்ள மாதங்களில் கழற்றுவதும் பூட்டுவதும்தான் பொழுதுபோக்கு.

கடந்த மாரிகாலத்தில் நண்பர் ஒருவரின் கராஜில் பல சனிக்கிழமைகள் போயின. அவரிடம் இருப்பது கவசாக்கி ஜீ.பி.இஸட். 750 ரேர்போ. என்னிலும் பார்க்க அவருக்கு அதிலேயே பாசம் அதிகம். எனக்குத் தரப்பட்ட பொறுப்புகள் இரண்டு: ரோர்ச் லைற் பிடிப்பது, தேத்தண்ணி போடுவது.

அவர் அதற்கு மூன்று மேலதிக மீற்றர்கள் பூட்டிக்கொண்டிருந்தார். "ஏற்கெனவே ஒண்டு இருக்குத்தானே?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா அது இலக்கம் சொல்லாது, கோடுதான் காட்டும். கோட்டைப் பாத்து எஞ்சினைக் காப்பாத்தேலாது" என்றார்.

ரேர்போ என்பது விளங்கமுடியாத விடயமல்ல. புகைக்குழாயால் வீணே வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெற்றோலும் கூடலாம், இழுவையும் கூடும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றக்கூடிய சாமான் இது. சுவிஸ் நாட்டு அல்பிரட் பியூகி இதற்கு 1905 இல் காப்புரிமை பெற்றார்.

மோட்டார் சைக்கிளுக்கு இது வந்தது 1978 இல். கவசாக்கியின் இஸட்.1.ஆர்.-இல் அமெரிக்காவில் ரேர்போ பூட்டி விற்றார்கள். உத்தரவாதம் கிடையாது. பிறகு ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் வரிசையில் இறங்கின. 1982 இல் ஹொண்டா சி.எக்ஸ். 500, யமஹா எக்ஸ்.ஜே. 650. 1983 இல் சுசுக்கி எக்ஸ்.என். 85. அதற்குப் பின்னால் எனது நண்பரிடம் இருக்கும் கவசாக்கி. 738 சிசி, 112 குதிரைவலு. ஆனால் 1984 இல் அதே கவசாக்கி, ரேர்போ எதுவும் இல்லாத 908 சிசி ஜீ.பி.இஸட். 900 ஆர்-ஐ 115 குதிரைவலுவுடன் இறக்கியது. பாரம், விலை, சிக்கல் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ரேர்போ எதற்கு என்ற கேள்வி வந்துவிட்டது. 1985 உடன் அந்தக் கதை முடிந்தது.

சரி, மீற்றர்களுக்கு வருவோம்.

முதலாவது, காற்றழுத்தம். எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் ஒரு சிறிய கிளைக்குழாய் பூட்டி மீற்றருக்குக் கொண்டுவருகிறார்கள். உள்ளே இருப்பது வளைந்த தட்டைக் குழாய். அழுத்தம் ஏறினால் அது நிமிரப் பார்க்கும், முள் நகரும். பிரான்ஸ் நாட்டு பூர்டோன் 1849 இல் செய்தது. குழாய் எங்கேயும் மடியக்கூடாது, புகைக்குழாயில் முட்டக்கூடாது, இரண்டு முனையும் கவ்வியால் இறுக்கியிருக்கவேண்டும்.

இரண்டாவது, புகையின் வெப்பம். இரண்டு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1821 இல் சேபெக் கண்டது. அந்த இணைப்பு உள்ள கம்பியைப் புகைக்குழாயில் துளைபோட்டு, ரேர்போவுக்கு முன்னால் பூட்டவேண்டும். பின்னால் பூட்டினால் வெப்பம் குறைந்திருக்கும், மீற்றர் பொய் சொல்லும். ஆனால் முன்னால் பூட்டும் கம்பி முறிந்தால் நேரே சுற்றும் சக்கரத்துக்குள் போய்விழும். அதனால் மலிவான சாமான் கூடாது.

மூன்றாவது, காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம். கணக்குப்படி ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. ஆனால் ரேர்போ தள்ளும்போது 12க்குக் கிட்ட இருக்கவேண்டும். மேலதிக பெற்றோல் உள்ளே சூட்டைத் தணிக்கும்.

முழு இழுவையில் மூன்று முள்ளும் நேரே மேலே பார்க்கும்படி மீற்றர்களைத் திருப்பிப் பூட்டினார். பந்தயக்காரரின் பழைய வழக்கமாம். இலக்கம் வாசிக்க நேரமிருக்காது, ஒரு முள் சரிந்தால் கண்ணில் படும். பட்டதும் கையை விடவேண்டும்.

"விடாவிட்டால்?" என்றேன்.

மேசையில் கிடந்த பழைய பிஸ்டனை எடுத்துத் தந்தார். நடுவில் ஓர் ஓட்டை. உருகி, விளிம்பு மெழுகுபோல வழிந்திருந்தது.

அதைக் கையில் வாங்கியதும் நான் ஒஸ்லோவில் இல்லை. அப்படி ஒரு பிஸ்டனை முன்பும் ஒருமுறை கையில் வாங்கியிருக்கிறேன்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டர் வாயில் பீச்சி உதைப்போம். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் புகை, கண்ணெரிவு, அடிக்கடி பிளக் துடைப்பு.

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணை இருந்தார். அவர் ஹெட்டுக்குக் கீழே இரண்டு கஸ்கற் வைத்துப் பூட்டுவார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. உள்ளே அமுக்கத்தைக் குறைக்கிறார் என்பது இப்போது விளங்குகிறது. மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, பிளக் பொறிக்கும் நெருப்பு பரவி வருமுன் தானாக வெடிக்கும். ரேர்போவில் நல்ல எரிபொருளுக்கு அளவுக்கு மிஞ்சிய அமுக்கம். எங்களிடம் சாதாரண அமுக்கத்துக்குத் தகுதியில்லாத எரிபொருள். இரண்டு வழியும் ஒரே ஓட்டையில்தான் முடிகின்றன.

அவரிடம் மீற்றர் எதுவும் இல்லை. காது இருந்தது. "கிணுகிணு எண்டு சத்தம் வந்தா அக்ஸிலேட்டரை விடு தம்பி. இழுக்காதை" என்பார்.

1993 இல் ஓரிரவு, அயல்வீட்டு ஆச்சிக்கு நெஞ்சுவலி. அண்ணையின் எம்.டி. 90ஐ இரவல் வாங்கி, பின்னால் ஆச்சியையும் அவவைப் பிடித்துக்கொள்ள மகனையும் ஏற்றி விரட்டினேன். பாதிவழியில் அந்தச் சத்தம் வந்தது. கேட்டது. விளங்கியது. ஆனாலும் முறுக்கினேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் இருக்க, புகைகக்கி நின்றுவிட்டது. மிச்சத் தூரம் ஆச்சி சைக்கிள் கரியரில் போனா. ஆச்சி பிழைத்துக்கொண்டா. எம்.டி. 90 பிழைக்கவில்லை. அடுத்தநாள் அண்ணை ஒரு சொல்லும் பேசாமல் பிஸ்டனைக் கழற்றி எனது கையில் தந்தார்.

நோர்வேக்காரருக்கும் இப்படியான காலம் இருந்தது. 1940 முதல் 1945 வரை ஜேர்மன் ஆக்கிரமிப்பில் பெற்றோல் இல்லாமல், இங்கே வாகனங்கள் விறகுத்துண்டை எரித்து வரும் வாயுவில் ஓடின. அந்தத் துண்டுக்கு "க்னொட்" என்று பெயர். "கிரோத்தாஸ்" என்று இங்கே செல்லமாக அழைக்கும் சாம்பல்நிற பேர்கசன் உழவு இயந்திரத்திலும் 1949 இல் ஒரு வகை வந்தது. பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளுக்கு மாறும். எங்கள் வித்தைதான்!

ஒஸ்லோவின் ஷெல்சோஸ் பகுதியில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது. ஏகிடியூஸ் எலிங் என்ற நோர்வேஜியரின் வாயுச் சுழலி அங்கே உள்ளது. 1903 இல், இந்த நகரம் கிறிஸ்தியானியா என்ற பெயரில் இருந்தபோது செய்தது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலதிகமாக 11 குதிரைவலு தந்த முதல் வாயுச் சுழலி அது. அவருக்கும் வெப்பம்தான் எல்லைக்கோடு. சுழலிக்குள் போகும் வாயு முதலில் 400 பாகை, அடுத்த வருடம் 500 பாகை, வலு 44க்கு ஏறியது. எல்லாம் குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நூறு வருடத்துக்கும் மேலாகி, எங்கிருந்தோ வந்த நானும் அதை வாசித்து அறிகிறேன்.

அண்ணையின் இரண்டு கஸ்கற் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது? எந்தத் தடிப்பில் வெட்டினார், காபரேட்டரில் என்ன மாற்றினார் என்று கேட்க இன்று அவர் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு குடாநாட்டையே மண்ணெண்ணெயில் ஓடவைத்த மனிதர்களில் ஒருவர். நாங்கள் சண்டைகளை எழுதினோம், இடப்பெயர்வை எழுதினோம். ஸ்பனர் பிடித்த கைகளைப் பற்றி எழுதியது குறைவு.

அந்த மெக்கானிக்குகளில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தால், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் இருங்கள்.

ஏப்ரலில் நண்பரின் வண்டி வெளியே வரும். பின்னால் வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். மீற்றர்களை நீங்கள் பாருங்கள், நான் சத்தத்தைக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.