விழிப்பிதுக்கமும் ஒரு தலைப்பும்: ஆஸ்லரின் தீர்ப்பைப் பற்றி ஒரு மறுவிசாரணை

தைராய்டுச் சுரப்பி மிகையாக இயங்கும் நோயிலே கண்கள் தம் குழியை விட்டு முன்தள்ளி நிற்பதை முதலில் விவரித்தவர் யார் என்ற வழக்கு வைத்திய சரித்திரத்தில் நெடுநாளைய வழக்கு. அயர்லாந்தின் கிரேவ்ஸ், ஜெர்மனியின் பாசடோ, இத்தாலியின் பிளயானி என்று தேசத்துக்கொரு பெயர் நோய்க்கு வழங்குவதும் பலர் அறிந்ததே. இவ்வழக்கில் அதிகாரத்தோடு தீர்ப்புரைத்தவர் சர் வில்லியம் ஆஸ்லர். 1892இல் முதற்பதிப்புக் கண்டு, ஆங்கிலம் வழங்கும் தேசங்களிலெல்லாம் வைத்திய மாணாக்கர்கள் தலைமாட்டில் வைத்துப் பயின்ற தம் பாடநூலிலே, இந்நோயோடு ஒருவர் பெயரைச் சேர்ப்பதானால் அது பாத் நகரத்து வைத்தியரான கேலப் ஹில்லியர் பாரியின் பெயராகவே இருக்கவேண்டும் என்று அவர் ஐயத்துக்கிடமின்றி எழுதினார். ஆஸ்லரின் புலமையின் மீது எனக்கு உள்ள மதிப்புக் குறையாதது. ஆயினும் நோயை முழுமையாக நோக்காமல், அதிலுள்ள கண்ணின் துன்பத்தை மட்டும் தனியே எடுத்து விசாரித்தால், அவருடைய தீர்ப்பு நிற்காது என்பதே என் அபிப்பிராயம்.

ஆஸ்லரின் நியாயம் காலத்தால் முந்தியது எது என்பதையே பற்றி நிற்பது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாரி பார்த்த கிரேஸ் என்னும் முப்பத்தேழு வயதுப் பெண்ணுக்குப் பிரசவத்தின்பின் குளிர்தாக்கிக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தன. பின்பு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் கழுத்தின் வலப்புறத்திலே வால்நட் காயளவு ஒரு கட்டி தோன்றியது. அவள் கண்கள் குழிகளினின்று வெளியே தள்ளியிருந்தன என்றும், முகத்தில் கலக்கமும் வேதனையும் தெரிந்தன என்றும், உடலை வருத்தி ஏதேனும் செய்யும்போது அது இன்னும் மிகுந்தது என்றும் பாரி குறிக்கிறார். கண்ணைப் பற்றி இவ்வளவே. உடனே மீண்டும் இதயத்துக்குப் போய்விடுகிறார். அந்த அத்தியாயத்தின் தலைப்பும் தைராய்டின் வீக்கத்தை இதயத்தின் வீக்கத்தோடும் படபடப்போடும் சேர்த்துச் சொல்வதேயன்றிக் கண்ணைச் சொல்வதில்லை. பாரி இதயத்தையும் நாடியையும் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். அவர் கண்ணில் பட்டது இதயம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். 1786 என்பது பார்த்த ஆண்டு. அச்சேறியது 1825இல், பாரி இறந்து மூன்றாண்டுக்குப் பிறகு, அவர் மகன் தந்தையின் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுத்தபோது. 1816இல் பக்கவாதம் கண்டு பாரி செயலற்றுப் போனமையால் அவை பெரும்பாலும் அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அதற்கு மேல் எழுதிய ஆண்டை நிர்ணயிக்க 1825இன் நூல் நமக்கு இடந்தரவில்லை. பார்த்த ஆண்டையே பிரசுர ஆண்டைப் போலக் கொண்டு முந்துரிமை பேசுவது முறையன்று.

கிரேவ்ஸின் நிலையும் இதைவிட மிக மேலானதன்று. 1835இல் டப்ளினில் அவர் ஆற்றி அச்சிட்ட சொற்பொழிவில், முதலில் பேசப்படும் மூன்று பெண்களிடம் கண்டவை படபடப்பும் தைராய்டு வீக்கமுமே. அதன்பின் சொல்லப்படும் இருபது வயதுப் பெண்ணிடமே கண் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கண் எவ்வளவு துல்லியமாகத் தோன்றுகிறது! உறங்கும்போதும், மூட முயன்றபோதும் இமைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. திறந்திருக்கையில் கருவிழியைச் சுற்றிலும் வெள்ளை தெரிந்தது. இமை கூடாத கண்ணோடு ஓர் இரவைக் கழிப்பதன் துன்பத்தை, அப்படிப்பட்ட நோயாளியின் பக்கத்தில் இருந்தவர்களே அறிவர்: காற்றுப் பட்டு விழி உலரும், மணல் விழுந்தாற்போல் உறுத்தும், நாளடைவில் கருவிழியே புண்ணாகும். கிரேவ்ஸ் இதைக் கண்டார், காரணத்தைக் கேட்கவில்லை.

கேட்டவர் மெர்ஸபூர்க் என்னும் சிற்றூரின் வைத்தியர் கார்ல் அடால்ஃப் ஃபன் பாசடோ. 1840இல் பெர்லின் வாரப் பத்திரிகையொன்றில் அவர் பிரசுரித்த கட்டுரையின் தலைப்பையே நான் என் வாதத்துக்கு முதல் சாட்சியாக வைக்கிறேன். கண்குழியிலுள்ள ‘ட்ஸெல்கெவேபே’ பெருத்தலால் உண்டாகும் விழிப்பிதுக்கம் என்பது அத்தலைப்பு. கழுத்தும் இதயமும் கட்டுரைக்குள்ளே வருகின்றன. கழலை, படபடப்பு, விழிப்பிதுக்கம் என்ற மூன்றும் சேர்ந்து ‘மெர்ஸபூர்க் முக்குறி’ என்று பின்னாளில் வழங்கியது இக்கட்டுரையாலேயே. ஆனால் தலைப்பில் வீற்றிருப்பது கண். அதுவும், கண்ணுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்ற கேள்வியோடு.

இத்தலைப்பிலுள்ள சொல்லைப் பிற்காலத்தார் பிழைபட வாசிக்க இடமுண்டு. ‘செல்’ என்று காதில் விழுந்ததும் ஷ்வான் 1839இல் நிறுவிய உயிரணுக் கொள்கையை நினைத்து, ‘உயிரணுத் திசு’ என்று பெயர்த்தால் சொற்றொடர் பொருளற்றதாகிவிடும். அக்காலத்து உடற்கூற்று வழக்கில் அச்சொல், உறுப்புகளுக்கு இடையிலே தேனடையின் அறைகளைப்போல் இழைவிட்டு நிரம்பியிருக்கும் தளர்ந்த இணைப்புத் திசுவைக் குறித்தது. ஆகவே பாசடோ சொன்னது இது: விழியைத் தள்ளுவது விழியன்று, இதயமன்று, இரத்தத்தின் வேகமுமன்று, விழிக்குப் பின்னும் பக்கங்களிலும் உள்ள இணைப்புத் திசு பெருக்கிறது, நான்கு பக்கமும் எலும்பாலான அறையில் வழி முன்பக்கம் மாத்திரமே திறந்திருப்பதால் விழி அவ்வழியே வருகிறது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழலாம். பாசடோ நோயின் மூலத்தைக் கண்டமாலைக்குரிய இரத்தக் கேட்டில் வைத்தாரே என்பது ஒன்று. அது உண்மையே, அதில் அவர் தம் காலத்தின் குழந்தை. மற்றொன்று கடுமையானது. 1930களின் தொடக்கத்தில் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் நாஃப்ஸிகர், தைராய்டை நீக்கிய பின்பும் பிதுக்கம் முற்றியவர்களின் கண்குழியைத் திறந்து பார்த்தபோது, விழியசைக்கும் தசைகளே பன்மடங்கு வீங்கியிருக்கக் கண்டார். இணைப்புத் திசு எங்கே என்று கேட்கலாம். அத்தசைகளை நுண்ணிதாக நோக்கினால், நோயின் ஆரம்பத்தில் தசையிழைகள் பெரும்பாலும் கெடாதிருக்க, அவற்றின் இடையிலுள்ள இணைப்புத் திசுவே நீர் கோத்துப் பருத்திருப்பது தெரியும். இந்த நுட்பம் பாசடோவுக்குத் தெரிந்திருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் கைகாட்டிய திசை பிசகவில்லை என்பதை மாத்திரம் வற்புறுத்துகிறேன். சிலருக்குக் கொழுப்பும் சிலருக்குத் தசையும் மிகுவதேன் என்பது இன்னும் தீராத விஷயமாதலால், அதற்கு மேல் வற்புறுத்த எனக்கும் துணிவில்லை.

அவர் காட்டிய திசையை விட்டு வைத்தியம் அரை நூற்றாண்டு விலகிச் சென்றது. கழுத்தின் பரிவு நரம்பைத் தூண்டினால் மிருகங்களின் விழி முன்வருவதைக் கிளோட் பெர்னார் காட்டியதும், கண்குழியில் மென்தசை ஒன்றை ஹைன்ரிக் முல்லர் கண்டதும், நோய் நரம்பினுடையது என்ற கொள்கைக்கு வலுவூட்டின. 1886இல் மோபியஸ் அதனைச் சுரப்பிக்கு மாற்றினார். அன்று முதல் சுரப்பியை அடக்கினால் கண்ணும் அடங்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிற்று; நாஃப்ஸிகரின் நோயாளிகள் அதைப் பொய்யாக்கினர்.

1956இல் நியூஸிலாந்தின் டனீடனில் ஆடம்ஸும் பர்வஸும், நோயாளியின் இரத்தத்தில் தைராய்டை நெடுநேரம் தூண்டும் ஒரு பொருளைக் கண்டனர். அது உடல் தனக்கெதிராகத் தானே செய்த எதிர்ப்பொருள் என்பது பின்னர் புலப்பட்டது. அது பற்றும் வாங்கி சுரப்பியில் மட்டுமன்றிக் கண்குழியின் இணைப்புத் திசு அணுக்களிலும் உண்டு. தூண்டப்பட்ட அவ்வணுக்கள் நீரை உறிஞ்சும் ஹயலூரோனான் என்னும் பொருளைச் சுரக்கின்றன. சில கொழுப்பணுக்களாகவே மாறுகின்றன. சுரப்பி மிகையாக இயங்காதவர்க்கும், ஹாஷிமோட்டோ நோயால் அது தளர்ந்தவர்க்குங்கூடச் சிற்சில சமயம் கண் பிதுங்குவது இதனாலேயே விளங்குகிறது. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற டெப்ரோட்டுமுமாப் என்ற மருந்து தைராய்டைத் தொடுவதே இல்லை. கண்குழியின் அதே அணுக்களிலுள்ள வேறொரு வாங்கியை அடைக்கிறது.

எனினும் இணைப்புத் திசு உடலெங்கும் பரந்திருக்க, நோய் கண்குழியைத் தேர்ந்துகொள்வதேன், அரிதாக முழந்தாளின் கீழுள்ள தோலைப் பற்றி அங்கும் அதே பொருளைச் சேர்ப்பதேன் என்ற கேள்விக்கு, மெர்ஸபூர்க்கிலிருந்து இன்றுவரை வந்த பாதையில் முழு விடை கிடைக்கவில்லை.