பாஸ் வேலைக்கு லைசன்ஸ் வேண்டுமா? கடுகண்ணாவையில் தொழில் செய்வோருக்கான விளக்கம்

கடுகண்ணாவையில் குழாய் திருத்துபவரையும் கதவு பொருத்துபவரையும் பெயின்ற் அடிப்பவரையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வன்னியிலிருந்து வந்து இங்கே இந்தத் தொழிலைச் செய்பவன் நான். கண்டிப் பக்கம் வேலை தேடி வரும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணை, இதுக்கு லைசன்ஸ் எடுக்கவேணுமே?” என்பதைத்தான். நலன்புரி முகாம்களிலும் வீட்டுத்திட்டங்களிலும் தொழில் பழகியவர்களிடம் கைத்திறன் இருக்கிறது; கடதாசி இல்லை. பயத்துக்குக் காரணம் அதுதான்.

வீட்டுச் சில்லறைத் திருத்த வேலைகளுக்கென இலங்கையில் தனியான அனுமதிப்பத்திரம் எதுவும் இல்லை. ஆனால் பின்வரும் இடங்களில் சட்டம் குறுக்கிடும்.

வியாபாரப் பெயர்: உங்கள் சொந்த முழுப்பெயரில் தொழில் செய்தால் பதிவு தேவையில்லை. வேறு பெயரில் பலகை போட்டாலோ பற்றுச்சீட்டு அடித்தாலோ வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். கடுகண்ணாவைக்கு அது யட்டிநுவர பிரதேச செயலகம். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் கொண்டுசெல்லுங்கள்.

மின்சாரம், தண்ணீர்: மீற்றரையும் அதன் முத்திரையையும் மீற்றர் வரை வரும் இணைப்பையும் தொடாதீர்கள்; அது குற்றம். வீட்டுக்காரர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். வயரிங் செய்பவர்களைத் தகைமையும் அனுமதிப்பத்திரமும் உள்ளவர்களாக்கும் ஒழுங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னெடுத்து வருகிறது. எனவே வயரிங்கைப் பிழைப்பாகக் கொள்பவர்கள் தகைமைச் சான்றிதழைத் தள்ளிப்போடக் கூடாது.

கட்டடம், மண்: பெயின்ற் அடிப்பது வேறு, புதிதாக அறை கட்டுவது வேறு. அறை கட்டுவதற்கு வீட்டுக்காரர் நகர எல்லைக்குள் என்றால் நகர சபையிடமும், வெளியே என்றால் பிரதேச சபையிடமும் அனுமதி பெறவேண்டும். கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம். ஆகவே சரிவில் கட்டுவதற்கும் மண் வெட்டுவதற்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபார்சும் தேவைப்படும். கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். மேடு சரிந்தால் முதலில் மண்ணுக்குள் போவது வெட்டியவர்தான்.

உதவியாள்: ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலே நீங்கள் தொழில்கொள்வோர். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரது சம்பளத்தில் 8 வீதம் கழித்து, உங்கள் பங்காக 12 வீதம் சேர்த்துக் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் உங்கள் பங்கு. வேலையில் அவர் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உங்களைப் பொறுப்பாக்கும். நீங்கள் இன்னொருவரிடம் சம்பளத்துக்குப் போனால் இதே உரிமைகள் உங்களுக்கும் உண்டு.

சான்றிதழ்: பாடநெறிக்குப் போகாமலே, செய்த தொழிலைக் காட்டி தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறலாம். இதற்கு ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்று பெயர். நைட்டா எனப்படும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். செய்த வேலைகளின் படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்டு, வேலையைச் செய்து காட்டவும் சொல்வார். இந்திய முகாம்களிலிருந்து திரும்பியவர்களும் அங்கே பழகிய தொழிலை இப்படிக் காட்டலாம். மேசன், தச்சு, குழாய், வயரிங் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் என்பதால் நன்றாகத் தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள். சட்டம் இதை எல்லா வேலைக்கும் கேட்பதில்லை. ஆனாலும் கூலி பேசும்போதும், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் கையில் இருக்கவேண்டிய கடதாசி இதுதான்.

சிங்களம் தெரியாததால் அலுவலகப் படியேறத் தயங்கவேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்; பிரதியொன்றில் திகதி முத்திரை பெற்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.