அச்சுறுத்தும் சொற்கள்

அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றவர்கள் நாம். ‘ஃபிரைட்டன்’, ‘ஸ்கேர்’, ‘டெரிஃபை’, ‘ஹாரிஃபை’, ‘இன்டிமிடேட்’ என்று எந்தச் சொல்லைத் தேடிப் புரட்டினாலும், எதிரே ‘அச்சுறுத்து’ என்னும் ஒரே பொருளைக் கண்டு மனநிறைவு கொண்டோம். தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு அது போதுமானதாகவும் இருந்தது. ஆனால் இச்சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசல் வழியே ஆங்கிலத்துள் புகுந்தவை; தத்தம் பிறந்தகத்து வாசனையை இன்றும் இழக்காதவை.

‘ஃபியர்’ என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் இது உள்ளத்து உணர்ச்சியைக் குறிக்கவில்லை. எதிர்பாராது வந்துறும் ஆபத்தையே குறித்தது. இதன் உறவுச் சொல்லாகிய ‘கெஃபார்’ என்பதற்கு ஜெர்மானிய மொழியில் இன்றும் ஆபத்து என்பதே பொருள். வெளியே நின்ற ஆபத்து காலப்போக்கில் மனிதனின் நெஞ்சுக்குள் புகுந்து அச்சமாகிவிட்டது! வினைச்சொல்லாக வரும்போதும் ‘அஞ்சச் செய்’ என்பதே இதன் பழம்பொருள். ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் மொராக்கோ இளவரசன் தன் முகத்தோற்றம் மாவீரர்களையும் கலங்கச் செய்தது என்று பெருமை பேசும் இடத்தில், ஷேக்ஸ்பியர் இச்சொல்லைத்தான் ஆள்கிறார். இற்றைநாள் மாணவன் அதனை இன்றைய பொருளில் படித்தால், இளவரசனின் முகமே வீரர்களைக் கண்டு அஞ்சியதாகத் தலைகீழாகப் பொருள் கொள்வான்.

‘ஸ்கேர்’ வடபுலத்து நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. காகத்தை விரட்ட வயலில் நாட்டும் பொம்மைக்கு ஆங்கிலேயர் இச்சொல்லைக் கொண்டே பெயரிட்டனர். நம்மவரும் வெருட்டுவதை ‘வெருளி’ என்றனர். கணநேர அச்சம், உண்மை தெரிந்தால் பறந்துபோகும். ‘ஃபிரைட்டன்’ அதனினும் சற்றே அழுத்தமானது, அவ்வளவே.

நம்மை வியக்கச் செய்வது ‘அஃப்ரெய்ட்’ என்னும் எளிய சொல். ‘அமைதி’ எனப் பொருள்படும் பழைய ஜெர்மானிய வேர் ஒன்று பிரெஞ்சு வழியே உருமாறி வந்தது இது. அமைதி பறிக்கப்பட்டவன் எவனோ அவனே அஞ்சியவன் என்பது இதன் உட்கிடை. இதே வேரில் கிளைத்த ‘அஃப்ரே’ சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயராக வாழ்கிறது. பொதுவிடத்தில் இருவரோ பலரோ சண்டையிட்டு ஊர் அமைதியைக் குலைப்பது அக்குற்றம். மெக்காலே தலைமையில் 1837-ல் வரைவு கண்டு, 1860-ல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 159-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 194-ஆம் பிரிவாக அமர்ந்திருக்கிறது.

சட்டத்தைத் தொட்டுவிட்டபடியால் ‘இன்டிமிடேட்’ என்பதையும் ஈண்டே பார்த்துவிடலாம். அஞ்சச் செய்வது மட்டும் இச்சொல்லின் பொருளன்று. அஞ்சச் செய்து ஒரு காரியத்தைச் சாதிப்பது என்னும் நோக்கம் இதில் அடங்கியிருக்கிறது. இருட்டில் பூனை நம்மை ‘ஸ்கேர்’ செய்யலாம். ‘இன்டிமிடேட்’ செய்ய இயலாது. ‘மிரட்டல்’ என்னும் நம் சொல் இதற்கு நன்கு பொருந்துகிறது.

இனி, இலத்தீன் தந்த இரட்டையர்: ‘டெரர்’, ‘ஹாரர்’. முன்னதன் வேர்ப்பொருள் நடுங்கச் செய்தல். பின்னதன் வேர்ப்பொருள் மயிர்க்கூச்செறிதல். இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டியவர் திகில் புதினங்கள் எழுதிய ஆன் ராட்கிளிஃப் அம்மையார். அவர் மறைந்தபின் 1826-ல் வெளியான கட்டுரை ஒன்றில், முன்னது உள்ளத்தை விரியச் செய்து புலன்களை விழிக்கச் செய்வது என்றும், பின்னது உள்ளத்தைச் சுருக்கி உறையச் செய்வது என்றும் வகுத்தார். கதவுக்கு அப்பால் காலடி ஓசை கேட்பது ஒன்று. கதவைத் திறந்து பிணத்தைக் காண்பது மற்றொன்று என நாம் விளக்கிக்கொள்ளலாம்.

கதைப் புத்தகத்தில் உள்ளத்தை விரியச் செய்த இந்த ‘டெரர்’ அரசியலில் செய்தது வேறு. 1793 செப்டம்பரில் பாரிஸ் நகரின் புரட்சி மன்றத்தில், பயங்கரத்தையே அன்றாட நியதியாக்குக என்னும் குரல் ஒலித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ரோபெஸ்பியர், அறமும் பயங்கரமும் இணைந்ததே புரட்சியரசு என்று அதற்குத் தத்துவமும் கற்பித்தார். முறைப்படி மரண தண்டனை விதிக்கப்பட்டு மாண்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். 1794 ஜூலை 28-ல் ரோபெஸ்பியரின் தலையும் அதே கொலைக்கருவியின் கீழ் உருண்டது. அவருடைய கூட்டத்தாரைச் சுட்டப் பிறந்த சொல்லே ‘டெரரிஸ்ட்’ என்பது. 1795-ல் எட்மண்ட் பர்க் அதனை ஆங்கிலத்தில் எடுத்தாண்டார்.

இங்கு நாம் சற்றே நிற்க வேண்டும். அச்சொல் முதன்முதலில் குறித்தது அரசை எதிர்த்து ஒளிந்து திரிந்தவனை அன்று. அரசின் அதிகாரத்தைக் கையில் ஏந்தி ஆண்டவனைக் குறித்தது. அடுத்த நூற்றாண்டிற்குள் சொல் திசைமாறி, அரசை எதிர்த்துக் குண்டெறிந்தவனைச் சென்று சேர்ந்தது. அரசுகளின் பக்கம் அது மீண்டும் திரும்புவது அரிதாயிற்று. நம் நாளேடுகளோ ‘பயங்கரவாதி’, ‘தீவிரவாதி’ எனும் இரண்டையும், இடத்திற்கேற்ற எழுத்தளவு பார்த்து மாற்றிக்கொள்வனபோல் தோன்றுகிறது.

சொல்லின் எடையை ஆண்டுக் கணக்கிலும் அளக்கலாம். தண்டனைச் சட்டத்தின்படி சாதாரண மிரட்டலுக்கு அதிக அளவு தண்டனை 2 ஆண்டுச் சிறை. 1987-ஆம் ஆண்டின் ‘தடா’ சட்டத்தின்படி, உயிர்ச்சேதம் விளையாத பயங்கரச் செயலுக்கே குறைந்த அளவு 5 ஆண்டு. ஒருவன் அண்டை வீட்டாரை ‘அச்சுறுத்தினான்’ என எழுதுவதா, மக்களிடையே ‘பயங்கரத்தை விளைத்தான்’ என எழுதுவதா என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருந்தது.

இவ்வேறுபாட்டை 1994-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. குற்றம் ஒன்றின் விளைவாக மக்களிடையே அச்சமோ பயங்கரமோ பீதியோ பரவியிருக்கலாம். ஆயினும் அவற்றை விளைவிப்பதே குற்றவாளியின் நோக்கமாக இராவிடில் அவனைத் ‘தடா’வின்கீழ் விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது அத்தீர்ப்பு. மறு ஆண்டிலேயே அச்சட்டம் காலாவதியாயிற்று. அத்தீர்ப்பின் ஆங்கில வாசகத்தில் ‘ஃபியர்’, ‘டெரர்’, ‘பேனிக்’ மூன்றும் அருகருகே நிற்கின்றன. நம் பழைய கையகராதியை எடுத்துப் பார்த்தோம். மூன்றுக்கும் ‘அச்சம்’ என்றிருந்தது. மூன்றாவதற்கு மட்டும் ‘பெரும்’ என்ற அடைமொழி.