காத்து எடுக்கிறது

பெரியப்பாவின் பட்டறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கிளட்ச் பெடலை மிதிப்பது. அவர் காடிக்கு அடியில் படுத்திருப்பார். "அமுக்கு" என்பார், அமுக்குவேன். "புடிச்சுக்க" என்பார், கால் நடுங்க நடுங்கப் பிடித்துக்கொள்வேன். கீழே ஸ்பேனர் திரும்பும். சின்ன ரப்பர் குழாய் வழியே குமிழி குமிழியாக எண்ணெய் பாட்டிலுக்குள் இறங்கும். பெடல் தன்னால் தரைக்குப் போகும். அவர் திருகை இறுக்கிவிட்டு, "இப்ப விடு" என்பார். முந்திக்கொண்டு காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும், திட்டு விழும். பட்டறையில் இதற்குப் பேர் 'காத்து எடுக்கிறது'.

அந்தப் பழைய மினி காடியில் பெடலுக்கும் கிளட்சுக்கும் நடுவே கம்பி கிடையாது, கேபிள் கிடையாது. திரவம்தான். பெடலை மிதித்தால் மேல் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் நகரும். திரவம் மெல்லிய குழாய் வழியே போய்க் கீழ் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும், கிளட்ச் பிரியும். திரவம் அழுத்தினால் சுருங்காது, கொடுத்த அழுத்தத்தை அப்படியே கடத்தும். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் இதை எழுதிய நூல் அவர் இறந்த மறுவருடம், 1663இல், வெளிவந்தது. காற்று அப்படியில்லை, சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் காலின் பலத்தை அது தின்றுவிடும். கிளட்ச் முழுக்கப் பிரியாமல் ரிவர்ஸ் கியர் 'கரகர'வென்று கத்தும்.

கொள்கை தெரிந்தும் கருவி செய்யப் பல காலம் ஆனது. காரணம், கசிவு. 1795இல் லண்டனில் ஜோசப் பிராமா நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அழுத்தம் ஏற ஏற பிஸ்டனின் ஓரத்தில் தண்ணீர் பீறியது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, தோலைக் கிண்ணம்போல வளைத்து உள்ளே பொருத்தி அதைத் தீர்த்ததாகச் சொல்வார்கள். அழுத்தம் கூடினால் கிண்ணத்தின் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். தள்ளுகிற அழுத்தமே கசிவையும் அடைக்கிறது. இன்றைக்கும் உங்கள் காடிக்குள் இருக்கும் தந்திரம் அதுதான்.

அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் இதைக் காடியின் பிரேக்குக்குக் கொண்டுவந்தார். 1921இல் டியூசன்பெர்க் காடியில் அது வந்தது. அவரும் ஆரம்பத்தில் தோல் கிண்ணத்தைத்தான் நம்பினார், அது கசிந்தது. 1924இல் வந்த கிரைஸ்லர் காடிக்காக எஞ்சினியர்கள் தோலைத் தூக்கிவிட்டு ரப்பர் கிண்ணம் போட்டார்கள்.

இந்த இடத்தில் நம்ம ஊர் உள்ளே வருகிறது. அந்த ஆண்டுகளில் உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் தந்த நாடு மலாயா. விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் நுழைந்து, பட்டையைச் சீவி, மங்கில் பால் சேர்த்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

இயற்கை ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். அதனால் இஞ்சின் எண்ணெயை ஊற்ற முடியவில்லை. ரப்பரைக் கெடுக்காத எண்ணெய் தேவைப்பட்டது. அதுதான் விளக்கெண்ணெய். கெட்டியாக இருப்பதால் ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள். பள்ளி விடுமுறையில் பாட்டி மூக்கைப் பிடித்து எங்கள் வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான்!

பிறகு போர் வந்தது. 1942 தொடக்கத்திலேயே மலாயா ஜப்பான் கைக்குப் போனது. அமெரிக்காவுக்கு ரப்பர் வரும் வழி அடைபட்டது. அவர்கள் ஆலைகளில் செயற்கை ரப்பரைப் பெரிய அளவில் உற்பத்தி செய்தார்கள். போருக்குப் பின் கிண்ணங்களும் மெல்ல மெல்லச் செயற்கை ரப்பருக்கு மாறின, விளக்கெண்ணெய் போய்க் கிளைக்கால் திரவங்கள் வந்தன. பிரேக்கில் பழகிய நீரழுத்தம் கிளட்சுக்கும் பரவியது. இஞ்சின் எப்படி ஆடினாலும், பெடல் இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும், குழாயை வளைத்துக்கொண்டு போய்விடலாம். 1959இல் வந்த மினியில் இஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்தது, கிளட்சுக்குத் திரவம்தான்.

கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. நம்ம ஊர் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். அதனால்தான் பழையதை வெளியேற்றிப் புதிதாக ஊற்றிக் காத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சினியரிங் வரலாறு எழுதுபவர்கள் 1942ஐ 'இயற்கை ரப்பர் வரத்து நின்றது' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் பால்வெட்டிய ஆட்கள் இருக்கிறார்கள். பல்லாயிரம் தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. நம்முடைய தோட்டக் கதைகளில் இவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதைகள் ரப்பர் ஷீட்டு லோரியில் ஏறியதும் நின்றுவிடுகின்றன. அது எங்கே போனது, என்னவாக ஆனது, அது வராமல் போனபோது உலகத்தில் எது மாறியது என்று நாம் கேட்டதில்லை. ஒரே சம்பவம் இரண்டு அலமாரிகளில் இருக்கிறது, ஒன்றின் அழுத்தம் இன்னொன்றுக்குப் போய்ச் சேரவில்லை. இப்போது எழுத வரும் தம்பி தங்கைகள் அந்த லோரியின் பின்னால் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்.

என் தாத்தா பால்வெட்டுக்காரர். சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது பெரியப்பாவுக்கு ஐந்து வயது.

கசிகிற சிலிண்டரைப் பிரிக்கும்போது பெரியப்பா பழைய கிண்ணத்தை எடுத்து விரல்களுக்கிடையே அழுத்திப் பார்ப்பார். ஊதியிருந்தால், "எவனோ இஞ்சின் எண்ணெய ஊத்திட்டான்" என்று தூர எறிவார். புதுக் கிண்ணத்தைத் திரவத்தில் நனைத்து, விளிம்பு மடங்காமல் உள்ளே தள்ளுவார். பிறகு என்னை ஏறி உட்காரச் சொல்வார். தாத்தாவைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.