அரங்கன் அயலூரில் இருந்த காலம்

பிள்ளை தொலைதூரம் புறப்பட்டாலும், குழந்தை நோயுற்றாலும், பருவமழை பொய்த்தாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஒரு வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்து உலர்த்தி, அதில் ஒரு நாணயத்தை முடிந்து, வேங்கடவன் படத்தின் கீழ் வைத்துவிடுவார்கள். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் பணி கிடைத்து முதன்முறையாக நான் தில்லிக்குப் புறப்பட்ட நாளில் என் அன்னையும் அவ்வாறே செய்தார். கல்லூரிப் பட்டம் தந்த இறுமாப்பில், “இந்த முடிச்சா என்னைக் காப்பாற்றப் போகிறது?” என்று நகைத்தேன். “உன்னைக் காப்பாற்றுமோ, என்னவோ, இன்றிரவு எனக்கு உறக்கம் வர வேண்டுமே, அப்பா!” என்றார் அவர்.

அந்த விடையின் பொருளை நான் உணரப் பல ஆண்டுகள் சென்றன. நாளை நடக்கப் போவதை முன்கூட்டியே தெரிவிப்பது நம்பிக்கையின் தொழில் அன்று. நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலையிலேயே இன்றைய கடமையைச் செய்வதற்கு அது துணை நிற்கிறது. இவ்வுண்மைக்குச் சான்று தரும் வரலாறு ஒன்று திருப்பதி மலையோடு பிணைந்திருக்கிறது. ஊரைவிட்டு வெளியே வாழும் நாம் அறிய வேண்டிய வரலாறு அது. ஏனெனில், ஊரைவிட்டுப் போக நேர்ந்தவர் அதில் திருவரங்கத்துப் பெருமாளே ஆவார்.

திருப்பதி இடம்பெயர்ந்தோருக்குப் புகலிடமானது அதுவே முதன்முறை அன்று. தில்லைச் சித்திரகூடத்துக் கோவிந்தராசர் தம் இடத்தை இழந்தபோது, அவருடைய உற்சவத் திருமேனியை அடியார்கள் மலையடிவாரத்துக்குக் கொண்டு வந்தனர் என்றும், அங்கே இராமானுசர் கோவிந்தராசருக்குக் கோயில் அமைத்தார் என்றும் வைணவ மரபு கூறும். இன்று கீழ்த்திருப்பதியின் நடுவே கோபுரம் ஓங்கி நிற்கும் கோயில் அதுவே. தில்லையில் மீண்டும் கோவிந்தராசரை எழுந்தருளச் செய்தவர் விசயநகர மன்னர் அச்சுதராயர், ஆண்டு 1539. இடையே சென்றவை நான்கு நூற்றாண்டுகள். தில்லையிலிருந்து வந்தவர்களுள் எவரும் அந்த மீட்சியைக் கண்டிலர். எனினும் வந்த இடத்தில் நாள்வழிபாட்டை நிறுத்தவும் இல்லை.

இனி அரங்கன் வரலாற்றுக்கு வருவோம். 1311ஆம் ஆண்டில் மாலிக் காபூரின் படையெடுப்பால் தமிழகம் கலங்கிற்று. அதன்பின் 1323ஆம் ஆண்டில், பிற்காலத்தில் முகம்மது பின் துக்ளக் என்று அரியணை ஏறிய இளவரசர் உலுக்கான் தலைமையில் மீண்டும் தில்லிப் படை தெற்கே வந்தது. படை நெருங்கிவிட்டது என்ற செய்தி திருவரங்கத்தை எட்டியபோது பெரியோர் கூடி ஆலோசித்தனர். பள்ளிகொண்ட மூலத் திருமேனியைப் பெயர்க்க இயலாது. அதை மறைத்துக் கற்சுவர் எழுப்பினர். அழகிய மணவாளர் என்னும் உற்சவத் திருமேனியை எடுத்துக்கொண்டு ஒரு சிறு குழு தென்திசை நோக்கிப் புறப்பட்டது. முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளை உலகாசிரியர் அக்குழுவின் தலைவர். வேதாந்த தேசிகரோ, இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு உரையாகிய சுருதப்பிரகாசிகை ஏடுகளைக் காத்துக்கொண்டு கன்னட நாட்டுச் சத்தியகாலம் சென்றடைந்தார் என்பது மரபு. ஒருவர் இறைவனைக் காத்தார். மற்றவர் ஏட்டைக் காத்தார். தாம் திரும்பி வருவோம் என்று இருவருக்கும் எவரும் உறுதி கூறவில்லை.

மதுரைக்கு அருகே சோதிட்குடி என்னும் சிற்றூரில் பிள்ளை உலகாசிரியர் திருநாடு எய்தினார். தலைவரை இழந்த குழு கலைந்துவிடவில்லை. அது திருமாலிருஞ்சோலை, மலையாளக் கரை, கன்னட நாட்டுத் திருநாராயணபுரம் என்று சுற்றிச் சுற்றி நடந்தது. இறுதியில் அரங்கன் வந்து சேர்ந்த இடம் திருமலை.

திருமலையில் நடந்ததைப் பற்றி இருவகைச் செய்திகள் வழங்குகின்றன. வேங்கடவன் கோயிலுக்குள்ளேயே ஒரு மண்டபத்தில் அரங்கன் எழுந்தருளி வழிபாடு ஏற்றார் என்பது ஒன்று. பெருவாயிலைக் கடந்து உட்செல்வோர் இன்றும் காணும் அரங்கநாயக மண்டபம் அந்நினைவைத் தாங்கி நிற்கிறது. மற்றொரு செய்தியைத் திருவரங்கத்துக் கோயிலொழுகு கூறுகிறது. சந்திரகிரிக்கு அருகிலுள்ள மலைச்சரிவில், கொடவர் என்னும் கோயிற் பணியாளர் சிலர் திருமேனியை மறைத்து வைத்துக்கொண்டு, காட்டில் கிடைத்ததை உண்டு, ஆண்டுக்கணக்கில் காவல் இருந்தனராம். இவ்விரண்டில் எது முழு உண்மை என்று முடிவு கட்டுவது நம் நோக்கம் அன்று. மண்டபத்தில் இருந்தபோதும் சரி, மலைச்சரிவில் மறைந்திருந்தபோதும் சரி, நாள்தோறும் ஒருவர் விளக்கேற்றினார். கிடைத்ததைப் படைத்தார் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன.

1323 முதல் 1371 வரை நாற்பத்தெட்டு ஆண்டுகள்! திருமேனி திருவரங்கத்தைவிட்டு நீங்கிய நாளில் பிறந்த குழந்தை, அது மீண்ட நாளில் பேரன் பேத்தி எடுத்திருக்கக் கூடும். அக்காலத்தில் செய்தி என்பது வழிப்போக்கர் வாய்ச்சொல்லே. மதுரையில் தனிச் சுல்தானிய ஆட்சி ஏற்பட்டது. வடக்கே துங்கபத்திரைக் கரையில் விசயநகரம் எழுந்தது. இவற்றுள் எது நிலைக்கும், எது மறையும் என்று மலைமேல் இருந்தவர்க்கு எவ்வாறு தெரியும்?

திருவரங்கத்திலேயே தங்கிவிட்டவர்களின் நிலையும் எளிதன்று. சென்ற பெருமாள் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே அவர்களுக்குத் தெரியாது. பல ஆண்டுகள் காத்திருந்தபின், வழிபாடு அற்றுப்போகலாகாது என்று கருதி வேறொரு திருமேனியைச் செய்து எழுந்தருளுவித்தனர். போனவரை மறந்துவிட்டார்கள் என்று அவர்களை நாம் பழிக்கலாமோ? ஆகாது. போனவர் வரும்வரை கடமையை நிறுத்தி வைப்பதும் ஒருவகை நம்பிக்கையின்மையே ஆகும் அல்லவா?

விசயநகரத்து இளவரசர் குமார கம்பணரின் படைகள் தெற்கே வந்து மதுரைச் சுல்தானிய ஆட்சியை முறியடித்தன. அவருடைய அதிகாரியாகச் செஞ்சியில் இருந்தவர் கோபணாரியர். அவர் திருமலையிலிருந்து அரங்கனைச் செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்துக்கு எழுந்தருளச் செய்து, சிலகாலம் அங்கே வழிபட்டார். பின்னர், 1371ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளுவித்தார். இச்செய்தியைக் கூறும் வடமொழிச் சுலோகங்கள் திருவரங்கக் கோயில் மதிலில் பொறிக்கப்பட்டுள்ளன.

திரும்பி வந்ததோடு துன்பம் தீர்ந்ததா? இல்லை. ஊரில் ஒரு பெருமாள் இருக்கிறார். வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். இவர்தாம் பழைய அழகிய மணவாளர் என்று அடையாளம் கூற முன்தலைமுறையினர் எவரும் இல்லை. ஊர் இரண்டுபட்டது. அப்போது மிக முதிர்ந்த வண்ணார் ஒருவர் இருப்பது தெரிய வந்தது. இறைவனின் ஈர ஆடையைத் துவைக்கும் பணி செய்தமையால் ஈரங்கொல்லி என்று அழைக்கப்பட்ட மரபினர் அவர். கண்பார்வையோ அவியப்பெற்றவர். முன்பெல்லாம் திருமஞ்சனம் ஆனபின், ஆடையைப் பிழிந்த நீரைத் தீர்த்தமாக உட்கொள்வது அவர் வழக்கம். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்வித்து, ஈர ஆடைத் தீர்த்தத்தை அவருக்குத் தந்தனர். ஒன்றைச் சுவைத்ததும், “இவரே நம் பெருமாள்” என்றாராம் அம்முதியவர். நம்பெருமாள் என்னும் திருப்பெயர் அன்றுமுதல் நிலைத்தது என்று கோயிலொழுகு கூறுகிறது. இடையில் ஊரைக் காத்த திருமேனியையும் மக்கள் விலக்கிவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயருடன் அவர் இன்றும் அக்கோயிலில் வழிபடப்படுகிறார்.

சான்றோரும் அதிகாரிகளும் தீர்க்க இயலாத வழக்கை, பார்வையற்ற ஒரு தொழிலாளி தம் நாவின் நினைவால் தீர்த்தார். எடுத்துச் சென்றவர், இடம் கொடுத்தவர், இருந்து காத்தவர், நினைவில் வைத்திருந்தவர் ஆகிய நால்வகையினரும் சேர்ந்தே அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளைத் தாண்டினர். இவர்களுள் ஒருவராவது முடிவை அறிந்து கொண்டு தம் பணியைத் தொடங்கியவர் அல்லர்.

படையெடுப்பால் மட்டுமே மக்கள் வாழ்வில் நிச்சயமின்மை நேர்வதில்லை. நிலப்படத்தில் ஒரு கோடு நகர்ந்தாலும் நேரும். 1911ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாக அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. சித்தூரும் திருப்பதியும் திரும்பவில்லை. நாமெல்லாம் பெட்டி படுக்கையுடன் புறப்பட்டு வெளிமாநிலத்தார் ஆனோம். சித்தூர்த் தமிழரோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவாறே வெளிமாநிலத்தார் ஆயினர். தம் மக்கள் எம்மொழியில் படிப்பர், எவ்வூரில் பணி தேடுவர் என்ற கவலை அவர்களுக்கு இல்லாதிருக்குமா? எனினும் அவர்கள் தெலுங்கில் வாணிகம் செய்தனர்; தமிழில் தாலாட்டினர்; புரட்டாசிச் சனிக்கிழமையில் இருமொழியாளரும் ஒரே மலையை நோக்கிக் கைகூப்பினர். திருமலைக் கோயிற் சுவர்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமுமாகக் கல்வெட்டுகள் அருகருகே இருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் இன்னும் நகரலாம். மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆனிவார ஆஸ்தானம் என்னும் திருநாளில் திருவரங்கத்திலிருந்து திருமலைக்குப் பட்டாடைகள் கொண்டுவந்து சாத்தும் வழக்கம் உண்டு. அதைக் கேள்வியுறும்போதெல்லாம், பண்டு தமக்கு இடம் தந்த வீட்டாருக்கு அரங்கன் அனுப்பும் சீர் அது என்றே என் உள்ளம் எண்ணுகிறது.

என் அன்னை இன்று இல்லை. அவர் முடிந்து வைத்த காசைத் திருமலை உண்டியலில் சேர்த்துப் பல ஆண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு என் மகள் மேற்படிப்புக்காக மற்றொரு மாநிலத்துக்குப் புறப்பட்டாள். புறப்படும் நேரத்தில் நானே ஒரு துணியை மஞ்சளில் நனைத்தேன். அவள் நகைத்தாள். நான் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. முடிச்சை மட்டும் சற்று இறுக்கிப் போட்டேன்.