கேட்கப்படாத மணமுறிவு

1866-இல் பிரித்தானிய இந்திய அரசு இயற்றிய 21-ஆவது சட்டம், கிறித்தவம் தழுவியோரின் மணவாழ்வைப் பற்றியது. சட்ட உறுப்பினர் ஹென்றி மேய்ன் முன்னின்று கொணர்ந்தது. ஒருவர் கிறித்தவரானதன் பொருட்டு அவருடைய துணை ஆறு மாதம் தொடர்ந்து விலகியிருந்தால், மதம் மாறியவர் நீதிமன்றத்தை அணுக அது இடமளித்தது. மற்றவர் சேர்ந்து வாழ மறுத்தால் வழக்கு ஓராண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதன் பின்னும் மறுப்பு நீடித்தால் மணம் முறிந்தது. மரணத்தால் மணம் முடிவுற்றது போலவே கருதி, இருவரும் மறுமணம் செய்துகொள்ள முடிந்தது.

இச்சட்டத்தின் வேர் விவிலியத்தில் இருக்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் இரண்டு செய்திகளைச் சொல்கிறார். விசுவாசியாத துணை உடன்வாழச் சம்மதித்தால் விசுவாசி அவரைத் தள்ளிவிடலாகாது என்பது ஒன்று. விசுவாசியாதவர் தாமே பிரிந்து போனால் விசுவாசி கட்டுண்டவர் அல்லர் என்பது மற்றொன்று. அரசு சட்டமாக்கியது இரண்டாவதை. முதலாவதைச் சட்டமாக்க யாராலும் இயலாது. அதை வாழ்ந்துதான் காட்ட வேண்டும்.

மராத்தியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். சித்பாவன் பிராமணர். மனைவி லட்சுமிபாய்க்கு 1880-இல் மணமானபோது பன்னிரண்டு வயதும் நிரம்பவில்லை. கணவரின் மதமாற்றம் அவரை நிலைகுலையச் செய்தது. மகனோடு உறவினர் ஆதரவில், பண்டரிபுரம் போன்ற இடங்களில் வாழ நேர்ந்தது. கணவர் உயிரோடிருக்க, மனைவியோ சுமங்கலியும் அல்லர், கைம்பெண்ணும் அல்லர் என்ற நிலை.

திலக் வழக்குத் தொடுத்திருந்தால் 1897-க்குள் சட்டப்படி விடுதலை பெற்றிருக்கலாம். மறுமண உரிமை மனைவிக்கும் உண்டே எனலாம். ஆனால் அக்காலத்துப் பிராமணக் குடும்பத்தில் அவ்வுரிமைக்குத் தாளின் மதிப்பே இருந்தது. திலக் நீதிமன்றத்தை நாடவில்லை. கடிதங்கள் எழுதினார், காத்திருந்தார்.

திலக்கை இதனால் குறையற்ற கணவராக்கிவிடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. மதமாற்றத்துக்கு முன்பே சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விடும் வழக்கமும் கடுங்கோபமும் உடையவர் அவர். 1930-களில் வெளிவந்த 'ஸ்மிருதி சித்ரே' என்ற தம் நினைவு நூலில் லட்சுமிபாய் இவற்றை நகைச்சுவையோடும் ஒளிவுமறைவின்றியும் எழுதியிருக்கிறார். பக்தி நூல்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

பொறுமையின் பெரும்பங்கு லட்சுமிபாயுடையது. கணவரிடம் திரும்பியபோது அவர் கிறித்தவராகத் திரும்பவில்லை. அகமத்நகரில் ஒரே குடும்பம், ஆனால் ஆசாரம் காக்கத் தனிச் சமையல், தனித் தண்ணீர். பவுல் சொன்ன முதல் நிலை இதுவே: விசுவாசியும் விசுவாசியாதவரும் ஒருவரையொருவர் தள்ளிவிடாமல் வாழ்வது. ஆய்வாளர்கள் மதமாற்றத்தின் நாளையே தேடுகிறார்கள். மதம் மாறாமலே சேர்ந்திருந்த நாள்கள் அதற்குக் குறைந்தவை அல்ல.

சாதி மனிதர் படைத்ததே, கடவுள் படைத்ததன்று என்ற முடிவுக்கு லட்சுமிபாய் தாமே சிந்தித்து வந்தார். தண்ணீர் பற்றிய விலக்கு முதலில் விழுந்தது. ஞானஸ்நானம் பின்னர், 1900-இல், நிகழ்ந்தது. பஞ்ச காலத்தில் ஆதரவற்ற குழந்தைகளை இருவரும் சேர்ந்து பேணினர்.

1919 மே மாதம் திலக் மறைந்தார். கிறிஸ்துவின் வாழ்வைப் பாடும் அவருடைய 'கிறிஸ்தாயன்' காப்பியம் தொடக்க அத்தியாயங்களோடு நின்றிருந்தது. பள்ளிக்கூடம் காணாத லட்சுமிபாய் மேலும் 64 அத்தியாயங்கள் இயற்றி அதை நிறைவு செய்தார். அவருக்கு மராத்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், மணமான தொடக்க ஆண்டுகளில், அந்தக் கணவரே.